பிலிப்பைன்ஸ் அரசு விடுமுறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணிலாவில் வேலைக்கு வந்தவர்கள், டாவோவில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள் என்று பலரும் ஆண்டுதோறும் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறோம். சம்பளக் கணக்கு வரும் இடங்களில் எல்லாம் 800 பெசோ நாட்கூலி, 8 மணி நேர வேலை, அதாவது மணிக்கு 100 பெசோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. காலண்டர்ல சில நாளுக்கு "ரெகுலர்"னு போட்டிருக்கு, சில நாளுக்கு "ஸ்பெஷல்"னு போட்டிருக்கு. லீவுன்னா லீவுதானே?

இல்லை, இந்த ஒரு வார்த்தையில்தான் உங்கள் சம்பளம் நிற்கிறது. ரெகுலர் விடுமுறை என்றால் வேலைக்கு வராவிட்டாலும் நாட்கூலி முழுதாக உண்டு. ஸ்பெஷல் விடுமுறை என்றால் வேலை செய்தால்தான் கூலி. வீட்டில் இருந்தால் நாட்கூலிக்காரருக்கு அன்று ஒன்றும் கிடையாது, நிறுவனம் தானாக முன்வந்து கொடுத்தால் ஒழிய.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு: "ஸ்பெஷல் வேலை நாள்". பெயரில் விசேஷம் இருந்தாலும் சட்டப்படி அது சாதாரண வேலை நாள்தான், கூடுதல் கூலி கிடையாது. இதைக் கவனிக்காமல் டிக்கெட் போட்டவர்கள் நிறையப் பேர்.

2. ரெகுலர் லீவு மொத்தம் எத்தனை? எது எது?

ஜனவரி 1, பெரிய வியாழன், புனித வெள்ளி, ஏப்ரல் 9 வீர தினம், மே 1, ஜூன் 12 சுதந்திர தினம், ஆகஸ்ட் கடைசித் திங்கள் தேசிய வீரர்கள் தினம், நவம்பர் 30 போனிஃபாசியோ தினம், டிசம்பர் 25, டிசம்பர் 30 ரிசால் தினம். இவற்றோடு இரண்டு ஈத் பெருநாட்கள். ஆக 12.

ஸ்பெஷல் விடுமுறைகளில் சட்டத்தால் நிலைத்தவை நான்கு: ஆகஸ்ட் 21 நினோய் அக்கினோ தினம், நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் நாள், டிசம்பர் 8 மாதாவின் அமல உற்பவத் திருநாள், டிசம்பர் 31. சீனப் புத்தாண்டு, புனித சனி, நவம்பர் 2, டிசம்பர் 24 போன்றவை அந்தந்த ஆண்டு ஜனாதிபதியின் அறிவிப்பால் சேர்பவை. போன ஆண்டு இருந்தது என்பதற்காக இந்த ஆண்டும் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

3. போன வருஷ காலண்டரைப் பார்த்து டிக்கெட் போட்டேன், லீவு தேதியே மாறிடுச்சு. இது எப்படி?

அடுத்த ஆண்டுக்கான பட்டியலை ஜனாதிபதி வழக்கமாக முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில் அறிவிப்பார். வார நடுவில் வரும் விடுமுறையைத் திங்களுக்கோ வெள்ளிக்கோ தள்ளி நீண்ட வார இறுதி உண்டாக்கும் வழக்கத்துக்கு 2007இல் வந்த 9492ஆம் எண் சட்டம் அடித்தளம் போட்டது. 2023இல் போனிஃபாசியோ தினம் நவம்பர் 27க்குப் போனது. 2024இல் நினோய் அக்கினோ தினம் 21லிருந்து 23க்கு மாறியது. அந்த மாற்றம் ஆகஸ்ட் மாதத்தில்தான் அறிவிக்கப்பட்டது.

ஆகவே முதல் பட்டியலைப் பார்த்ததோடு நிற்காமல், பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒருமுறை சரிபாருங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பெரிய வியாழன், புனித வெள்ளி ஆகியவற்றை மட்டும் நகர்த்த மாட்டார்கள்.

4. புனித வாரத்துல மணிலா வர்றோம். உண்மையிலேயே எல்லாம் மூடிடுமா?

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஏறக்குறைய மூடித்தான் இருக்கும். பெரிய மால்கள் இரண்டு நாளும் அடைப்பு, சனிக்கிழமை திறக்கும். வங்கிகள் கிடையாது. மணிலாவின் நகர ரயில்களை ஆண்டுப் பராமரிப்புக்காக நிறுத்துவது இந்த நாட்களில்தான். வியாழன் முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை ரயிலை நம்ப வேண்டாம். விமான நிலையம் இயங்கும். மருத்துவமனைகளின் அவசரப் பிரிவும் சில மருந்துக் கடைகளும் திறந்திருக்கும்.

புதன் மாலைக்குள் மூன்று வேலைகளை முடியுங்கள்: பணம் எடுப்பது (இயந்திரங்கள் காலியாகிவிடும்), மூன்று நாளுக்கு மளிகை வாங்குவது, மருந்து வாங்குவது. ஊருக்குப் போகும் பேருந்துகளில் புதன் இரவு ஏற முடியாது. போவதானால் செவ்வாய்க்குள், அல்லது வெள்ளி காலையில் கிளம்புங்கள். உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள் திங்கள் விடுமுறை இல்லை. ஐரோப்பாவில் இருந்து வந்தவர்கள் ஏமாறும் இடம் இது.

5. அந்த வாரத்துல மக்கள் என்ன பண்றாங்க? நாம எப்படி நடந்துக்கணும்?

குருத்தோலை ஞாயிறு முதலே தெருவில் "பபாசா" கேட்கும்: இயேசுவின் பாடுகளைச் சொல்லும் நீண்ட பாடலை அக்கம்பக்கத்தார் முறை வைத்து இராப்பகலாக ராகத்தோடு ஓதுவார்கள். ஒலிபெருக்கி தூக்கத்தைக் கெடுத்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், அது அவர்களுடைய நேர்த்தி. வியாழன் மாலை "விசிட்டா இக்லேசியா", ஏழு தேவாலயங்களுக்கு நடை. வெள்ளி பிற்பகல் 3 மணி இயேசு உயிர்விட்ட நேரம் என்பதால் அப்போது ஊரே அடங்கிவிடும். பம்பாங்கா மாநிலம் சான் பெர்னாண்டோவின் குதுத் கிராமத்தில் சிலர் தம்மை உண்மையான ஆணியால் சிலுவையில் அறையச் செய்து நேர்த்திக்கடன் தீர்ப்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபை இதை ஊக்குவிப்பதில்லை. பார்க்கப் போவோர் அதை வேடிக்கை நிகழ்ச்சியாக நினைக்கக் கூடாது. ஞாயிறு விடியலில் உயிர்த்த இயேசு சிலையும் கறுப்பு முக்காடிட்ட மாதா சிலையும் தனித்தனி ஊர்வலமாக வந்து சந்திக்கும் "சலுபோங்" நடக்கும். தேவதை வேடமிட்ட சிறுமி முக்காட்டை நீக்கும் அந்த ஒரு கணத்துக்காகவே அதிகாலை 3 மணிக்கு எழலாம்.

வெள்ளியன்று இசை, குடி, கொண்டாட்டம் வேண்டாம். சைவர்களுக்கு இது நல்ல நாள், வீடுகளில் இறைச்சி சமைக்க மாட்டார்கள். செபுவிலும் டாவோவிலும் "பினிக்னிட்" கிடைக்கும்: தேங்காய்ப்பாலில் சர்க்கரைவள்ளி, வாழைக்காய், சேம்பு, பலாச்சுளை, ஜவ்வரிசி போட்டு, ஒட்டரிசி கரைத்துக் கெட்டியாகக் காய்ச்சியது. பாயசம் என்றே நினைத்துச் சாப்பிடலாம். மற்ற சாப்பாட்டில் மட்டும் மீன் உண்டா என்று கேட்டுவிடுங்கள், மீனை அவர்கள் இறைச்சியில் சேர்ப்பதில்லை.

6. சுதந்திர தினம் ஜூன் 12ஆ, ஜூலை 4ஆ? ரெண்டையும் சொல்றாங்களே?

1898 ஜூன் 12 அன்று காவித் ஊரில் புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோ ஸ்பெயினிடமிருந்து விடுதலையை அறிவித்தார். ஆனால் நாடு அமெரிக்கா கைக்குப் போனது. அமெரிக்கா ஆட்சியை ஒப்படைத்தது 1946 ஜூலை 4. அதன்பின் ஜூலை 4தான் சுதந்திர தினமாக இருந்தது. 1962இல் ஜனாதிபதி தியோஸ்தாதோ மகபகால் அதை ஜூன் 12க்கு மாற்றினார், 1964இல் அது சட்டமானது. கொடுத்த நாளை விட நாமே அறிவித்த நாள் பெரிது என்ற அந்த முடிவு சரியானது என்பதே எங்கள் கருத்து. ஜூலை 4 இப்போது விடுமுறை இல்லை.

மே 28 முதல் ஜூன் 12 வரை கொடி நாட்கள். அலுவலகத்தில் கொடி கட்டும் பொறுப்பு உங்களிடம் வந்தால் இதை நினைவில் வையுங்கள்: நீலம் மேலே, சிவப்பு கீழே. சிவப்பு மேலே இருந்தால் போர்க்காலம் என்று பொருள். நெடுக்காகத் தொங்கவிட்டால் பார்ப்பவரின் இடப்பக்கம் நீலம் வர வேண்டும். 1998இன் கொடிச் சட்டத்தை மீறினால் 5,000 முதல் 20,000 பெசோ வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ உண்டு.

7. ரிசால் செத்த நாளையும் போனிஃபாசியோ பிறந்த நாளையும் கொண்டாடுறாங்க. ஏன் இந்த வித்தியாசம்?

ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து எழுதிய எழுத்தாளர் ஹோசே ரிசாலை ஸ்பானியர் 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சாவே புரட்சிக்கு எண்ணெய் வார்த்தது, அதனால் அந்த நாள். புரட்சி இயக்கத் தலைவர் ஆந்திரேஸ் போனிஃபாசியோவைக் கொன்றது எதிரி அல்ல. 1897 மே 10 அன்று அகினால்டோவின் புரட்சி அரசு விதித்த தண்டனையில் சொந்த நாட்டவர் கையாலேயே இறந்தார். அந்த நாளைக் கொண்டாட யாருக்கு மனம் வரும்? அவர் பிறந்த 1863 நவம்பர் 30 விடுமுறையானது.

ரிசால் தினம் துக்க நாள். கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். 1948இன் ஒரு சட்டப்படி அன்று சேவல் சண்டையும் குதிரைப் பந்தயமும் கூடாது. ஏப்ரல் 9 இன்னும் விசித்திரம்: 1942இல் படான் தீபகற்பத்தில் நட்பு நாடுகளின் படை ஜப்பானியரிடம் சரணடைந்த நாள் அது. தோல்வி நாளுக்கு வீர தினம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், மூன்று மாதம் பட்டினியோடு தாக்குப்பிடித்தவர்களுக்காகவும் பிறகு மாரிவெலஸிலிருந்து நடத்திச் செல்லப்பட்ட மரண அணிவகுப்பில் மாண்டவர்களுக்காகவும். சமாட் மலையின் பெரிய சிலுவை அவர்களுக்கான நினைவிடம். தேசிய வீரர்கள் தினம் எந்த ஒருவருக்கும் உரியது அல்ல, பெயர் தெரியாதவர்களுக்கும் சேர்த்து.

8. நவம்பர் 1ஆம் தேதி கூட வேலை பார்க்கிறவங்க கல்லறைக்குக் கூப்பிடுறாங்க. போகலாமா?

தாராளமாகப் போங்கள், அழைப்பது பெரிய மதிப்பு. "உண்டாஸ்" என்ற இந்த நாளில் குடும்பமே கல்லறையில் கூடாரம் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, சாப்பிட்டு, பேசி இரவு வரை இருக்கும். ஒப்பாரி இருக்காது. கல்லறையை முன்வாரமே கழுவி வெள்ளையடித்திருப்பார்கள். உருகிய மெழுகைச் சிறுவர்கள் உருண்டை பிடித்து எடைக்கு விற்பார்கள். வடக்கே இலோக்கோஸ் பகுதியில் இறந்தவருக்குப் பிடித்த உணவைப் படையலாக வைப்பார்கள், அதற்கு "அதாங்" என்று பெயர். நமக்குப் புதிதல்ல.

வெள்ளைப் பூவும் இரண்டு மூன்று தடி மெழுகுவர்த்தியும் தண்ணீரும் எடுத்துப் போங்கள். வாசலில் பையைச் சோதிப்பார்கள்: மது, கத்தி, சீட்டுக்கட்டு, ஒலிபெருக்கி ஆகியவற்றைப் பிடுங்கிவிடுவார்கள். 1904இல் தொடங்கிய மணிலா வடக்குக் கல்லறை 54 ஹெக்டேர். அன்று கைப்பேசி இணைப்பு திணறும், ஆகவே எந்தத் தெரு, எந்த வரிசை என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். குழந்தைகளின் கையில் பெயரும் பெற்றோர் எண்ணும் எழுதிக் கட்டிவிடுங்கள். காலை 7 மணிக்கு முன்பு போனால் நெரிசல் இல்லை.

9. செப்டம்பர்லயே கிறிஸ்துமஸ் பாட்டு போடுறாங்களே, உண்மையான பண்டிகை எப்போ ஆரம்பிக்குது?

ஆங்கில மாதப் பெயர் "பர்" என்று முடியத் தொடங்கியதும் கடைகளில் பாட்டு தொடங்கிவிடும். வழிபாடு என்று பார்த்தால் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது விடியற்காலைப் பூசைகள்: "சிம்பாங் காபி" (இரவுப் பூசை என்று பொருள்). வயலுக்குப் போகும் முன் உழவர்கள் வரத் தோதாக விடியுமுன் வைத்த பழக்கம் இது. நேரம் கோவிலைப் பொறுத்து 3 முதல் 5 மணி வரை. நகரங்களில் முந்தைய நாள் இரவும் நடக்கும். ஒன்பதையும் விடாமல் முடித்தால் வேண்டியது நடக்கும் என்பது நம்பிக்கை.

பூசை முடிந்ததும் வாசலில் இரண்டு பலகாரம். "பிபிங்கா" என்பது அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வாழையிலை விரித்த சட்டியில், மேலும் கீழும் தணல் வைத்துச் சுடுவது. முட்டை உண்டு, மேலே உப்பு முட்டையும் சீஸும் வைப்பார்கள். "புத்தோ பும்போங்" ஊதா நிற ஒட்டரிசி மாவை மூங்கில் குழாயில் அவித்து, தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் தூவித் தருவது. குழாய்ப்புட்டின் தூரத்து உறவு. மேலே மார்கரின் தடவுவதால் வேண்டாதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.

10. 24ஆம் தேதி ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு வீட்ல கூப்பிட்டிருக்காங்க. எத்தனை மணிக்குப் போறது, என்ன கொண்டு போறது?

"நோச்சே புவேனா" நள்ளிரவுப் பூசை முடிந்தபின் போடும் விருந்து. 10 மணிக்குப் போனால் போதும், ஆனால் வண்டியை முன்னதாக ஏற்பாடு செய்யுங்கள். அன்று மாலைக்கு மேல் டாக்சியும் ஜீப்னியும் அரிது. பழக்கூடையோ கேக்கோ எடுத்துப் போகலாம். மேசையில் பன்றித் தொடைக்கறி நடுநாயகமாக இருக்கும், ஸ்பகெட்டியிலும் இறைச்சி இருக்கும். சைவர் என்றால் இரண்டு நாள் முன்பே சொல்வது வீட்டாருக்கும் நல்லது.

பிள்ளைகள் உங்கள் புறங்கையை எடுத்து நெற்றியில் வைத்தால் அது பெரியவரிடம் ஆசி கேட்பது. கையை இழுத்துக்கொள்ளாதீர்கள். 20 அல்லது 50 பெசோ புதுத்தாள்கள் சில கையில் இருக்கட்டும். யாராவது தம் குழந்தைக்கு ஞானத்தந்தை, ஞானத்தாயாக இருக்கச் சொன்னால் யோசித்து ஒப்புக்கொள்ளுங்கள், ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் பரிசு உங்கள் பொறுப்பு.

11. டிசம்பர் 31 அன்னிக்கு உருண்டைப் பழமா எல்லாரும் வாங்குறாங்க. எதுக்கு?

காசு வட்டம், பழமும் வட்டம். மாதத்துக்கு ஒன்றாக 12 வகை மேசையில் இருந்தால் ஆண்டு முழுதும் பணம் வரும் என்பது நம்பிக்கை. புள்ளிச் சட்டையும் பையில் சில்லறைக் குலுக்கலும் அதே காரணத்துக்கு. பிள்ளைகள் உயரம் வளர நள்ளிரவில் குதிப்பார்கள். 29ஆம் தேதிக்குள் பழம் வாங்கிவிடுங்கள், பிறகு விலை ஏறும்.

பட்டாசை வீட்டு வாசலில் வெடிக்க வேண்டாம். 2017இன் அரசாணைப்படி ஊர் ஒதுக்கிய இடத்தில் மட்டுமே அனுமதி. தடைசெய்த "பிக்கோலோ" குச்சிவெடி ஒவ்வோர் ஆண்டும் குழந்தைகளின் விரல்களைப் பறிக்கிறது. ஊதுகுழல் போதும்.

12. ஈத் லீவு எப்போன்னு ஏன் கடைசி வரைக்கும் சொல்ல மாட்டேங்கிறாங்க?

பிறை பார்த்துத்தான் நாள் உறுதியாகும். முஸ்லிம் பிலிப்பினோக்களுக்கான தேசிய ஆணையத்தின் பரிந்துரைப்படி ஜனாதிபதி தனி அறிவிப்பு விடுவார், அதனால் ஆண்டுப் பட்டியலில் தேதி இருக்காது. நோன்புப் பெருநாள் 2002இலும் ஹஜ்ஜுப் பெருநாள் 2009இலும் நாடு முழுமைக்குமான விடுமுறையாயின. சில ஆண்டுகளில் அரசு விடுமுறையும் தொழுகையும் ஒரு நாள் முன்பின் ஆகலாம். தொழுகைக்கு உள்ளூர்ப் பள்ளிவாசல் சொல்வதைக் கேளுங்கள், சம்பளத்துக்கு அரசு அறிவிப்பைப் பாருங்கள். மிண்டானாவோவின் முஸ்லிம் பகுதிகளில் 1977இன் சட்டப்படி மீலாது நபி, மிஃராஜ், ஹிஜ்ரி புத்தாண்டும் விடுமுறை.

13. லீவு நாள்ல வேலை செஞ்சா எவ்வளவு வரணும்? கணக்கா சொல்லுங்க.

ரெகுலர் விடுமுறை: வராவிட்டால் 800, வந்தால் 1,600. அது உங்கள் வார ஓய்வு நாளாகவும் இருந்து வேலை செய்தால் 2,080. ஓய்வு நாள் அல்லாதபோது எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் 260. ஸ்பெஷல் விடுமுறை: வந்தால் 1,040, ஓய்வு நாளோடு சேர்ந்தால் 1,200, ஓய்வு நாள் அல்லாதபோது கூடுதல் மணி ஒவ்வொன்றுக்கும் 169.

மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறை நாளின் கூலி மாதத் தொகைக்குள் அடங்கிவிட்டது. அதனால் வேலை செய்தால் மேற்கொண்டு வருவது ரெகுலருக்கு 800, ஸ்பெஷலுக்கு 240. "இரட்டிப்பு வரவில்லையே" என்று புகார் வருவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தால்தான். மேலாளர் பதவிக்கும், பத்துப் பேருக்குக் குறைவாக வைத்து நடத்தும் சில்லறை, சேவைக் கடைகளுக்கும் இந்த விடுமுறைக் கூலி விதி பொருந்தாது.

14. லீவுக்கு முந்தின நாள் வரலைன்னு லீவு சம்பளத்தையும் பிடிச்சுட்டாங்க. சரியா?

சம்பளமில்லாத விடுப்பாகவோ சொல்லாமலோ நின்றிருந்தால் சரிதான். ரெகுலர் விடுமுறைக்கு முந்தைய வேலை நாளில் வந்திருக்க வேண்டும், அல்லது சம்பளத்தோடு கூடிய விடுப்பில் இருந்திருக்க வேண்டும். முந்தைய நாள் உங்கள் ஓய்வு நாள் என்றால் அதற்கு முந்தைய வேலை நாளைப் பார்ப்பார்கள்.

புனித வாரத்தில் இது இரட்டை அடி. புதன் வராவிட்டால் வியாழன், வெள்ளி இரண்டின் கூலியும் போகும். வியாழன் வந்து வேலை செய்தால் வெள்ளியின் கூலி திரும்பக் கிடைக்கும். ஆகவே புதன்கிழமை ஊருக்குக் கிளம்புபவர்கள் சம்பளத்தோடு கூடிய விடுப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

15. ஒரே நாள்ல ரெண்டு ரெகுலர் லீவு வந்தா?

2020 ஏப்ரல் 9 அப்படித்தான், வீர தினமும் பெரிய வியாழனும் ஒன்றாக. வராதவருக்கு 1,600, வந்தவருக்கு 2,400. வராமல் இரட்டைக் கூலி பெற 14இல் சொன்ன நிபந்தனை இங்கேயும் உண்டு.

16. நைட் ஷிஃப்ட். 24 ராத்திரி 10 மணிக்குப் போய் 25 காலைல 6 மணிக்கு வர்றேன். எந்த நாள் கணக்கு?

நள்ளிரவில் பிரித்துப் பார்க்க வேண்டும். டிசம்பர் 24 ஸ்பெஷலாக அறிவித்த ஆண்டில் முதல் 2 மணி ஸ்பெஷல், அடுத்த 6 மணி ரெகுலர். இரவு 10 முதல் காலை 6 வரை 10 சதவீதம் இரவுப்படி அந்த உயர்ந்த விகிதத்தின் மேல் வரும்: ஸ்பெஷல் மணிக்கு 143, ரெகுலர் மணிக்கு 220. உணவு இடைவேளையைக் கழித்துக்கொள்ளுங்கள். மொத்த ஷிஃப்டையும் தொடங்கிய நாளிலேயே போட்டு 24ஆக எண்ணியிருந்தால் சம்பளச் சீட்டோடு போய்க் கேளுங்கள்.

17. எங்க கிளையன்ட் அமெரிக்கா. அவங்க லீவு அன்னிக்கு எங்களுக்கும் லீவு, இங்க லீவு அன்னிக்கு வேலை. கூடுதல் கிடையாதுன்னு சொல்றாங்க.

வேலை நடக்கும் நாட்டின் சட்டமே பொருந்தும். பிலிப்பைன்ஸ் விடுமுறையில் வேலை செய்தால் 13இல் சொன்ன கூலி உண்டு. அமெரிக்க விடுமுறையில் வேலை செய்தால் நிறுவனம் கொடுத்தால்தான் உண்டு. தீபாவளி, பொங்கலுக்கும் அதே கதை, சொந்த விடுப்பில்தான் எடுக்க வேண்டும்.

18. பையன் டாவோவில படிக்கிறான், இன்னிக்கு லீவுங்கிறான். நெட்ல பார்த்தா அந்த லீவே இல்ல. பொய் சொல்றானா?

அவசரப்படாதீர்கள். ஊர் விடுமுறை என்று தனியாக உண்டு: டாவோவில் ஆகஸ்டில் கடாயாவான் திருவிழா, மணிலாவில் ஜூன் 24, கேசோன் நகரில் ஆகஸ்ட் 19. ஏப்ரல் 27 லாபுலாபு தினம், அந்தப் பெயர் கொண்ட நகரில் மட்டும் விடுமுறை, மற்ற ஊர்களில் ஸ்பெஷல் வேலை நாள். புயல் எச்சரிக்கையால் வகுப்பை நிறுத்துவதும் அடிக்கடி நடக்கும். அது விடுமுறைக் கணக்கில் வராது.

பிப்ரவரி 25 தனிக் கதை. 1986இல் மக்கள் எட்சா சாலையில் திரண்டு மார்கோஸ் ஆட்சியை இறக்கிய நாள். 2024 பட்டியலில் அது இல்லவே இல்லை. 2025இல் ஸ்பெஷல் வேலை நாள் ஆனது, ஆனாலும் சில பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் தாமாகவே வகுப்பை நிறுத்தின. கல்வி நிறுவனத்தின் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

19. டிசம்பர்ல வர்ற பதிமூணாவது மாசச் சம்பளம் போனஸா? நடுவுல சேர்ந்தவங்களுக்கு உண்டா?

போனஸ் அல்ல, 1975 முதல் சட்டப்படியான உரிமை. அந்த ஆண்டில் ஒரு மாதமாவது வேலை செய்த, மேலாளர் அல்லாத எல்லாருக்கும் டிசம்பர் 24க்குள் வர வேண்டும். ஆண்டில் பெற்ற அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டி 12ஆல் வகுங்கள். 20,000 பெசோவுக்கு மே மாதம் சேர்ந்தவருக்கு எட்டு மாதம், 1,60,000. வகுத்தால் 13,333 பெசோ 33 சென்டாவோ. 13இலும் 16இலும் சொன்ன விடுமுறைக் கூடுதல், இரவுப்படி, மிகைநேரம் இதில் சேராது. வேலையை விட்டுப் போனவருக்கும் போன நாள் வரையான பங்கு கடைசிச் சம்பளத்தோடு உண்டு.